எடை எங்கே செல்கிறது? – கட்டடக்கலையிலும் வடிவமைப்பிலும் இலேசுத்தன்மையின் பொருள்

ஆய்வுச்சுருக்கம்

கட்டடக்கலைத் திறனாய்வில் 'இலேசானது' என்பது பாராட்டுச் சொல்லாக நிலைபெற்றுள்ளது. எனினும் அச்சொல் பொருளின் எடை குறைந்திருப்பதைக் குறிக்கிறதா, கண்ணுக்கு எடையற்றதாகத் தோன்றுவதைக் குறிக்கிறதா, பயன்படுத்துவோர்மீதும் நிலத்தின்மீதும் ஏறும் சுமை குறைந்திருப்பதைக் குறிக்கிறதா என்பது பெரும்பாலும் பிரித்துரைக்கப்படுவதில்லை. இம்மூன்றும் வெவ்வேறானவை; ஒன்று கூடும்போது மற்றொன்று குறையவும் கூடும். 1851 முதல் 2008 வரையிலான சில படைப்புகளை ஒப்பிட்டு, எடை மறைவதில்லை, இடம் மாறுகிறது என்பதையும், அது யார்மீது மாறுகிறது என்று கேட்பதே இலேசுத்தன்மையை மதிப்பிடும் முறை என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: இலேசுத்தன்மை, நொய்ம்மை, எடை, சுமை, ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம், ஃப்ரை ஓட்டோ, ஷிகெரு பான்.

முன்னுரை

இத்தாலிய எழுத்தாளர் இத்தாலோ கால்வினோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றுவதற்காக 1985ஆம் ஆண்டில் எழுதிய சொற்பொழிவுகளுள் முதலாவது இலேசுத்தன்மை பற்றியது. அவற்றை ஆற்றுமுன்பே அவர் மறைந்தார். நூல் அவர் மறைவுக்குப் பின்னர் வெளிவந்தது. இலக்கியம் குறித்து எழுதப்பட்ட அச்சொற்பொழிவு கட்டடக்கலைஞர்களாலும் வடிவமைப்பாளர்களாலும் தொடர்ந்து எடுத்தாளப்படுகிறது. சொல்லிலிருந்து எடையை நீக்குவதும் சுவரிலிருந்து எடையை நீக்குவதும் ஒரே வகைச் செயல் என்னும் எண்ணம் இதன் பின்னே உள்ளது.

இவ்வெண்ணம் ஆய்வுக்குரியது. கவிதையில் ஒரு சொல்லை நீக்கினால் அச்சொல் வேறோர் இடத்தில் போய் நிற்பதில்லை. கட்டடத்தில் நிலைமை வேறு. ஒரு சுவரை நீக்கினால் அது தாங்கிய கூரையை வேறொன்று தாங்க வேண்டும்; அது தடுத்த வெயிலை வேறொன்று தடுக்க வேண்டும்; அது மறைத்த வாழ்க்கையை வேறொன்று மறைக்க வேண்டும். எனவே கட்டடத்தின் இலேசுத்தன்மையைப் பற்றிப் பேசுவோர், நீங்கிய எடையின் கணக்கையும் சேர்த்தே பேச வேண்டும்.

சொல்லும் பொருளும்

தமிழில் இக்கருத்தைச் சுட்டும் சொற்களே இப்பகுப்புக்கு வழிகாட்டுகின்றன. 'இலேசான பெட்டி' என்னும்போது எடையையும், 'இலேசான வேலை' என்னும்போது செய்வதற்குள்ள எளிமையையும் 'இலேசு' குறிக்கிறது. 'இலகு' என்பதும் அத்தகையதே. ஈழத்தமிழ் வழக்கில் 'இலகுவாக' என்பது 'எளிதாக' என்னும் பொருளிலேயே பெரிதும் வழங்குகிறது. 'நொய்ம்மை' என்னும் சொல்லோ எடைக்குறைவோடு வலுவின்மையையும் உடன் உணர்த்தும். எட்டு வகைச் சித்திகளின் வரிசையில் இலகிமாவும் கரிமாவும் இணையாக வைக்கப்பட்டிருப்பதும் கருதத்தக்கது. இலேசாதலும் கனமாதலும் அங்கே எதிரெதிரான தகுதிகள் அல்ல, இரண்டும் ஆற்றல்களே.

திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில் மயிற்பீலி ஏற்றிய வண்டி பற்றிய உவமை அமைந்துள்ளது. தனித்தனியே எடையற்றவை எனத் தோன்றும் பொருள்களும் அளவு மிகுந்தால் அச்சை முறிக்கும் என்பது அதன் கருத்து. இலேசுத்தன்மை தனிப்பொருளின் இயல்பு மட்டுமன்று, தாங்குவதற்கும் தாங்கப்படுவதற்கும் இடையிலான உறவு என்பதை இவ்வுவமை தெளிவாக்குகிறது. தாங்கும் அச்சை விட்டுவிட்டுப் பீலியை மட்டும் நோக்கும் திறனாய்வு பாதிக் கணக்கோடு நின்றுவிடுகிறது.

இவற்றின் அடிப்படையில் மூவகை இலேசுத்தன்மையை இங்குப் பிரித்துக் கொள்ளலாம். முதலாவது எடையின் இலேசு, இது அளக்கத்தக்கது. இரண்டாவது தோற்றத்தின் இலேசு, இது கண்ணுக்குரியது. மூன்றாவது சுமையின் இலேசு. கட்டுவோர், பயன்படுத்துவோர், பேணுவோர், நிலம் ஆகியவற்றின்மேல் ஏறும் பொறுப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

எடையின் இலேசு: பளிங்கு மாளிகையும் ஒரு நாற்காலியும்

1851ஆம் ஆண்டு இலண்டனின் ஹைடு பூங்காவில் நடந்த பெருங்கண்காட்சிக்காக ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த பளிங்கு மாளிகை, இரும்பும் மரமும் கண்ணாடியும் கொண்டு அமைந்தது. பாக்ஸ்டன் சாட்ஸ்வொர்த் பண்ணையில் தோட்டக்கலைஞராகப் பணியாற்றியவர். பேரல்லிக்கெனக் கண்ணாடி இல்லம் ஒன்றை அங்கே அமைத்தவர். ஏறக்குறைய 563 மீட்டர் நீளமுடைய மாளிகையின் கூரைக்கும் சுவர்களுக்கும் சுமார் மூன்று இலட்சம் கண்ணாடித் தகடுகள் பயன்பட்டன. இங்கிலாந்தில் கண்ணாடி மீதான வரி 1845இல் நீக்கப்பட்டிருந்ததால் அவ்வளவு கண்ணாடியை வாங்குவது இயலக்கூடியதாயிற்று.

இம்மாளிகையின் ஒளியும் பரப்புமே பெரிதும் போற்றப்பட்டன. ஆனால் அதன் இலேசுத்தன்மை கண்ணுக்குத் தோன்றிய ஒளியில் மட்டும் இல்லை. ஒரே அளவில் வார்க்கப்பட்ட உறுப்புகள், அவற்றை விரைந்து பொருத்தும் முறை, கழற்றி வேறிடம் கொண்டு செல்லும் வாய்ப்பு ஆகியவற்றில்தான் அது உண்மையாக இருந்தது. உள்ளீடற்ற இரும்புத் தூண்களே மழைநீர் வடிகுழாய்களாகவும் பயன்பட்டன; ஓர் உறுப்பு இரு பணிகளைச் செய்ததால் மற்றோர் உறுப்பு தேவையற்றுப் போயிற்று. கண்காட்சி முடிந்தபின் கட்டடம் பிரிக்கப்பட்டுச் சிடன்ஹாமில் பெரிதாக்கி எழுப்பப்பெற்று, 1854இல் திறக்கப்பட்டது. 1936இல் தீயில் அழிந்தது. எனினும் வெயிலைத் தணிக்கக் கண்ணாடிக் கூரையின்மேல் கித்தான் துணி விரிக்க வேண்டியிருந்தது. கண்ணாடி ஏற்றுக்கொள்ளாத பணியைத் துணி ஏற்றுக்கொண்டது. பிற்காலக் கண்ணாடிக் கட்டடங்கள் சந்தித்த சிக்கல் முதற் பெரும் எடுத்துக்காட்டிலேயே தோன்றிவிட்டது.

பொருள் வடிவமைப்பில் இதற்கு இணையானது ஜியோ போன்டி வடிவமைத்து, காசினா நிறுவனம் 1957இல் வெளியிட்ட 'சூப்பர்லெஜேரா' நாற்காலி. இதன் எடை 1.7 கிலோகிராம் மட்டுமே. இத்தாலியின் கியாவரி ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் செய்யப்பட்டு வந்த மரபான நாற்காலியே இதன் மூலம். ஆஷ் மரக்கால்கள் முக்கோண வெட்டுமுகம் கொண்டவை. இருக்கை பிரம்பால் பின்னப்பட்டது. சிறுவன் ஒருவன் ஒற்றை விரலால் இதனைத் தூக்குவதாக அமைந்த விளம்பரப்படம் புகழ்பெற்றது. இங்கு எடையின் இலேசும் பயன்பாட்டின் இலேசும் ஒன்றுகின்றன. வீட்டைப் பெருக்குவோர் அதனை எளிதில் நகர்த்தலாம். ஆயினும் அத்தகைய மெல்லிய கால்களை முறியாமல் இணைக்கும் தச்சுத்திறன் கூடுதலாக வேண்டும். நீங்கிய மரத்தின் இடத்தைக் கைவினை நிரப்பியது. அக்கைவினைக்கு உரிய ஊதியமும் மதிப்பும் கிடைக்கும்வரை இம்மாற்றம் நேர்மையானதே.

தோற்றத்தின் இலேசு: ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம்

தோற்றத்தின் இலேசுக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது, மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்து 1951இல் நிறைவுற்ற ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம். சிகாகோவைச் சேர்ந்த மருத்துவர் ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த் வார இறுதி நாள்களைக் கழிப்பதற்காக, இல்லினாய் மாநிலத்தில் ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் கட்டுவித்த வீடு இது. எட்டு எஃகுத் தூண்கள் தளத்தையும் கூரையையும் ஏந்துகின்றன. தளம் நிலத்திலிருந்து ஏறக்குறைய 1.6 மீட்டர் உயரத்தில் மிதப்பதுபோல் நிற்கிறது. சுவர்கள் யாவும் கண்ணாடி. 'ஏறக்குறைய ஒன்றுமில்லை' என்று மீஸ் தம் குறிக்கோளைச் சுட்டியதாகக் கூறுவர். அக்குறிக்கோள் இங்கு நிறைவேறியது போலவே தோன்றும்.

கட்டுமானத்தை நோக்கினால் இவ்வீடு எடை குறைந்ததன்று. மிதக்கும் தளத்தின் மேற்பரப்பு டிராவர்டைன் கல். அதன் கீழே காங்கிரீட் பலகைகள். தூணும் விட்டமும் சேருமிடங்களில் பற்றவைப்புத் தடங்கள் தேய்த்து மழமழப்பாக்கப்பட்டு வெண்ணிறம் பூசப்பட்டன. எந்த உறுப்பு எதைத் தாங்குகிறது என்பது கண்ணுக்குப் புலப்படாதவாறு உழைப்பின் தடம் அழிக்கப்பட்டது. எனவே இங்குள்ள இலேசுத்தன்மை எடையை மறைத்துப் பெற்ற இலேசுத்தன்மை.

மறைந்த எடை இரண்டு இடங்களுக்குச் சென்றது. முதலாவது, வீட்டில் வாழ்ந்தவர். கோடையில் வீடு வெப்பமுற்றது; குளிர்காலத்தில் கண்ணாடியில் நீர்த்துளிகள் படிந்தன; திறக்கத்தக்க சாளரங்கள் மிகச் சிலவே; இரவில் விளக்கொளி பூச்சிகளை ஈர்த்தது. குப்பைக்கூடையை எங்கே வைப்பது என்பதுகூட வெளியிலிருந்து காண்போரை எண்ணிச் செய்ய வேண்டிய முடிவாயிற்று என ஃபார்ன்ஸ்வொர்த் 1953இல் இதழ் ஒன்றில் குறைகூறினார். கட்டணம் தொடர்பாகக் கட்டடக்கலைஞருக்கும் அவருக்கும் இடையே வழக்கும் நடந்தது. அவர் முகப்புத் தாழ்வாரத்தில் பூச்சிவலை பொருத்தினார். 1972இல் வீட்டை வாங்கிய பீட்டர் பலும்போ அவ்வலையை அகற்றி, குளிர்சாதன வசதியை அமைத்தார். வீட்டின் 'மூலத்தோற்றம்' மீட்கப்பட்டது என வரலாறுகள் இதனைக் குறிக்கின்றன. வாழ்ந்தவர் தம் தேவைக்குச் சேர்த்தது சிதைவாகவும், இயந்திரத்தால் மறைவாக ஈடுசெய்தது மீட்பாகவும் கருதப்பட்டதைத் திறனாய்வாளர் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, நிலம். ஆற்று வெள்ளத்தைக் கருதியே தளம் உயர்த்தப்பட்டது. ஆயினும் 1954, 1996, 2008 ஆகிய ஆண்டுகளில் வெள்ளம் வீட்டினுள் புகுந்தது. நிலத்தைத் தொடாததுபோல் தோன்றும் வீடு, தான் நிற்கும் வெள்ளச் சமவெளியின் இயல்பை முழுதும் கணக்கிடவில்லை. இன்று அருங்காட்சியகமாகப் பேணப்படும் அவ்வீட்டை வெள்ளத்திலிருந்து காப்பது அதன் பாதுகாவலர்களின் நிலையான கவலையாக உள்ளது.

இவ்வீட்டின் அழகை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. புல்வெளிக்கும் வானுக்கும் இடையே ஒரு மனிதர் நிற்கும் அனுபவத்தை இவ்வளவு தூய்மையாகத் தந்த கட்டடங்கள் மிகக் குறைவு. அழகியல் மதிப்பை வசதியால் அளக்கலாகாது என்னும் வாதத்திலும் உண்மை உண்டு. ஆனால் 'ஏறக்குறைய ஒன்றுமில்லை' என்பது ஒரு கட்டடத்தைப் பற்றிய கூற்றாக முன்வைக்கப்படும்போது, அந்த 'ஒன்றுமில்லை'யைத் தாங்கியவர் ஒருவர் இருந்தார் என்பதும் அக்கூற்றின் பகுதியாக வேண்டும். 2021இல் அவ்வீட்டின் பெயர் 'ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம்' என மாற்றப்பட்டமை இத்திசையில் ஒரு சிறு திருத்தம்.

ஒத்த வடிவம், வேறு கணக்கு: மேரி ஷார்ட் இல்லம்

ஆஸ்திரேலியக் கட்டடக்கலைஞர் கிளென் மர்கட், மீஸின் மேற்கண்ட வீட்டால் ஆழ்ந்த தாக்கம் பெற்றவர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கெம்ப்சிப் பகுதியில் அவர் 1975 அளவில் அமைத்த மேரி ஷார்ட் இல்லமும் நிலத்திலிருந்து உயர்த்தப்பட்ட, நீண்ட, மெல்லிய வீடே. வடிவ ஒப்புமை வெளிப்படையானது. வேறுபாடு சுவரில் உள்ளது. மீஸின் சுவர் ஒற்றைக் கண்ணாடி. மர்கட்டின் சுவர் பல அடுக்குகளால் ஆனது. பூச்சிவலை, திறந்து மூடும் கண்ணாடிச் சட்டங்கள், வெயிலைத் தடுக்கும் சாய்தகடுகள் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. கூரை நெளிதகட்டால் ஆனது. ஃபார்ன்ஸ்வொர்த் தாமாகச் சேர்த்த பூச்சிவலை, இங்கே கட்டடக்கலையின் உறுப்பாகவே அமைந்துவிட்டது.

'நிலத்தை இலேசாகத் தொடு' என்னும் பொருள்பட வழங்கும் ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் கருத்தை மர்கட் தம் பணிக்கு வழிகாட்டியாகச் சுட்டுவார். இக்கூற்றில் 'இலேசு' என்பது பெயரடையாக வரவில்லை, வினையடையாக வருகிறது. கட்டடம் எப்படித் தோன்றுகிறது என்பதை அது கூறவில்லை; கட்டடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைக் கூறுகிறது. இந்த இலக்கண வேறுபாட்டிலேயே தோற்றத்தின் இலேசுக்கும் சுமையின் இலேசுக்கும் உள்ள வேறுபாடு அடங்கியுள்ளது.

இழுவிசையும் அரசியலும்: மியூனிக்

இலேசுத்தன்மை அரசியல் பொருளையும் ஏற்கும். இரண்டாம் உலகப்போரில் விமானியாக இருந்து, பிரான்சில் போர்க்கைதியாக வைக்கப்பட்ட ஃப்ரை ஓட்டோ, பொருள்கள் அரிதான முகாமில் குறைந்த பொருளைக் கொண்டு கட்டப் பழகினார். சோப்புப் படலங்களை ஆராய்ந்து, மிகக்குறைந்த பரப்பில் அமையும் வடிவங்களைக் கண்டார். 1964இல் ஸ்டுட்கார்ட்டில் இலேசான கட்டமைப்புகளுக்கென ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1967இல் மான்ட்ரியால் கண்காட்சிக்கு ரோல்ஃப் குட்பிராடுடன் இணைந்து அவர் அமைத்த மேற்கு ஜெர்மனியின் கூடாரம் பெரும் கவனத்தைப் பெற்றது.

1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் போட்டிகளுக்காக, குன்ட்டர் பெனிஷ் குழுவின் வடிவமைப்பில் ஓட்டோவின் பங்களிப்போடு எழுந்த கூரை ஏறக்குறைய 75,000 சதுர மீட்டர் பரப்புடையது. கம்பிவட வலையின்மேல் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் தகடுகள் பொருத்தப்பட்டன. 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் அரங்கின் கனத்த கல்முகப்புக்கு மறுமொழியாகவே இக்கூரை எண்ணப்பட்டது. கனம் சர்வாதிகாரத்தையும் இலேசு மக்களாட்சியையும் குறித்தன.

ஆனால் இழுவிசைக் கட்டமைப்பின் இயல்பு, மேலே இலேசாக இருக்கும் அளவுக்குக் கீழே கனத்தைக் கேட்பது. கூரையை இழுத்துப் பிடிக்கும் கம்பிவடங்கள் நிலத்தினுள் புதைந்த பெரும் நங்கூர அடித்தளங்களில் முடிகின்றன. கட்டுமானச் செலவும் தொடக்க மதிப்பீட்டை மிகவும் விஞ்சியது. கண்ணாரக் காணும் கூடாரம் ஒரு பாதி. காணாத காங்கிரீட் மறுபாதி. குறியீட்டிலும் இதற்கு ஒப்பான ஒன்று நிகழ்ந்தது. போர்க்கால ஜெர்மனியின் நினைவு எழாதவாறு காவலர்களின் இருப்பும் கண்ணில் படாததாக வைக்கப்பட்டது. அப்போட்டிகளின்போது நிகழ்ந்த தாக்குதலில் இஸ்ரேல் அணியைச் சேர்ந்த 11 பேர் உயிரிழந்தனர். அத்துயரத்துக்குக் கூரையைக் காரணம் காட்டுவது பொருந்தாது. ஆயினும் இலேசாகத் தோன்றுவது வேறு, இலேசாக இருப்பதற்குரிய பாதுகாப்பை உறுதிசெய்வது வேறு என்பதை அந்நிகழ்வு மறக்கவொண்ணாதவாறு காட்டியது.

பக்மின்ஸ்டர் ஃபுல்லர் ஒருமுறை நார்மன் ஃபாஸ்டரிடம், அவருடைய கட்டடம் எவ்வளவு எடையுள்ளது என வினவினார் என்பது நன்கறியப்பட்ட செய்தி. இங்கிலாந்தின் செயின்ஸ்பரி மையம் குறித்து 1978 அளவில் எழுந்த அவ்வினாவுக்கு விடை காண முற்பட்ட ஃபாஸ்டர், எடையின் பெரும்பகுதி யாவரும் போற்றிய கூடத்தில் இல்லை, எவரும் கருதாத கீழ்ப்பகுதியில் உள்ளது எனக் கண்டார். ஃபுல்லரின் வினா எடையைப் பற்றியதாயினும், அது வெளிக்கொணர்ந்தது எடையின் இருப்பிடத்தையே.

சுமையின் இலேசு: தாள்குழாய்கள்

ஜப்பானின் கோபே நகர் 1995 ஜனவரியில் நிலநடுக்கத்தால் சிதைந்தபோது, ஷிகெரு பான் தாள்குழாய்களைக் கொண்டு தற்காலிக வீடுகளை அமைத்தார். மணல்மூட்டைகள் நிரப்பிய பீர்ப்பெட்டிகள் அவற்றின் அடித்தளமாயின. நிலநடுக்கத்தில் கனமான கூரையும் சுவருமே மனிதரைக் கொல்கின்றன. அங்கே எடைக்குறைவு உயிர்காக்கும் பண்பு. 2001இல் குஜராத்தின் பூஜ் நிலநடுக்கத்துக்குப் பின்னரும் அவர் அத்தகைய வீட்டை அமைத்தார். அங்கே பீர்ப்பெட்டிகள் இல்லை. இடிந்த கட்டடங்களின் இடிபாடுகளே அடித்தளமாயின. தளம் மண்ணால் மெழுகப்பட்டது. கூரைக்கு மூங்கிலும் பின்னிய பாயும் பயன்பட்டன. விழுந்து கொன்ற கனமே புதிய வீட்டைத் தாங்கும் கனமாக மாறியது. எடை இடம் மாறுகிறது என்னும் இக்கட்டுரையின் கருத்துக்கு இதனினும் நேரடியான சான்று வேண்டுவதில்லை. இங்கு அது மனிதர்மீதிருந்து நிலத்துக்கு மாறியது.

கோபேயில் தன்னார்வலர்கள் எழுப்பிய தாள்குழாய்த் தேவாலயம் பத்தாண்டுகள் பயன்பட்டது. 2005இல் பிரிக்கப்பட்டு, 1999இல் நிலநடுக்கத்தைச் சந்தித்த தைவான் பகுதியின் தாவ்மி சிற்றூரில் மீண்டும் எழுப்பப்பெற்று 2008இல் திறக்கப்பட்டது. நொய்ம்மை என்னும் சொல் உணர்த்தும் வலுவின்மை இங்குக் குறையாகவில்லை. தாளின் வலுவின்மையை அறிந்து, பழகாத கைகளும் கட்டவும் கழற்றவும் ஏற்றவாறு அமைத்ததால், பல காங்கிரீட் கட்டடங்களை விட அது நிலைத்தது.

தமிழகச் சூழல்

இப்பகுப்பு நம் சூழலுக்கு நேரடித் தொடர்புடையது. சென்னையின் இராஜீவ் காந்தி சாலையை ஒட்டியெழுந்த அலுவலகக் கட்டடங்கள் பலவற்றில் கண்ணாடி முகப்பே நவீனத்தின் அடையாளம். தோற்றத்தில் இலேசான இம்முகப்புகள் வெப்ப மண்டல வெயிலை உள்ளே விடுகின்றன. அவ்வெப்பத்தை அகற்றும் பொறுப்பு குளிர்சாதன இயந்திரத்துக்கும் மின்சாரத்துக்கும் சேர்கிறது. கயிற்றில் தொங்கிக் கண்ணாடியைத் துடைக்கும் தொழிலாளரின் உடலும் அம்முகப்பின் எடையில் ஒரு பங்கைத் தாங்குகிறது.

இதற்கு மாறாகச் செட்டிநாட்டு வீடுகளின் தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் திறந்த முற்றமும் எடையில் கனமானவை. ஆனால் தடித்த சுவர் பகல் வெப்பத்தை உள்ளே விடத் தாமதிக்கிறது. முற்றம் வெப்பக் காற்றை மேலே போக விடுகிறது. அறையைக் குளிர்விப்பதற்கெனத் தனி ஆற்றல் அங்குக் குறைவாகவே வேண்டும். எடையில் கனமானது சுமையில் இலேசாகவும், தோற்றத்தில் இலேசானது சுமையில் கனமாகவும் இருக்கலாம் என்பதற்கு இவ்விரண்டும் அருகருகே நிற்கும் சான்றுகள். அவ்வீடுகளைப் பெருக்கித் துடைத்துப் பேணிய ஏவலர்களின் உழைப்பையும் கணக்கில் சேர்த்தால்தான் இவ்வொப்பீடு முழுமை பெறும். மரபை ஏற்றிப் போற்றுவதற்கு அதே அளவுகோல் தடையாகவும் அமைகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு. எடை, தோற்றம், சுமை என்னும் மூவகை இலேசுத்தன்மையும் தம்முள் வேறானவை. ஒன்றிலிருந்து மற்றொன்றை ஊகித்தல் பிழை. பளிங்கு மாளிகையிலும் போன்டியின் நாற்காலியிலும் எடைக்குறைவு பயன்பாட்டை எளிதாக்கியது. ஃபார்ன்ஸ்வொர்த் இல்லத்தில் தோற்றத்தின் இலேசு வாழ்பவர்மேல் சுமையாயிற்று. மியூனிக் கூரையில் அது நிலத்தினுள் மறைந்தது. பானின் வீடுகளில் எடையும் சுமையும் ஒருங்கே குறைந்தன.

எனவே ஒரு கட்டடத்தையோ பொருளையோ இலேசானது எனக் கூறுமுன் திறனாய்வாளர் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. நீக்கப்பட்ட எடை எங்கே சென்றது? அதனை இப்போது தாங்குவது யார், அல்லது எது? தாங்குவோர் அதற்கு இசைந்தனரா? மூன்றாம் வினாவே மிக இன்றியமையாதது. பொறியியல் முதல் வினாவுக்கு விடை தரும். வரலாறு இரண்டாம் வினாவுக்கு விடை தரும். மூன்றாம் வினாவைக் கேட்கும் கடமை திறனாய்வுக்கு உரியது. தமிழில் கட்டடக்கலை பற்றிய எழுத்து இன்னும் பெரும்பாலும் கோயிற்கலை வரலாற்றைச் சார்ந்தே நிற்கிறது. நாம் நாள்தோறும் வாழும் வீடுகளையும் பணிபுரியும் அலுவலகங்களையும் இவ்வினாக்களோடு அணுகும் ஆய்வுகள் பெருகுதல் வேண்டும்.